மார்ச் மாதத்து மூச்சு

கித்தேவின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் இழுத்தான். மின் சிகரெட்டின் முனையில் நீல விளக்கு ஒழுங்காக எரிந்தது. ஊதினான். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

நேற்றுவரை வந்துகொண்டுதான் இருந்தது. நேற்றுவரை குளிர்காலம். ஆபீஸ் மொட்டைமாடியில் யார் வாயைத் திறந்தாலும் வெள்ளையாக ஆவி போனது. சியோல் நகரத்துக் குளிருக்கு நல்ல மனசு. இழுத்தவன், இழுக்காதவன் என்று பேதம் பார்க்காது.

இன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வசந்தம் வந்துவிட்டது. ஊரே கோட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தது. கித்தே மட்டும் வசந்தத்தைக் கண்டபடி திட்டினான்.

அவனுடைய மெஷினுக்குள் எதுவும் கிடையாது. நிகோடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போன இலையுதிர் காலத்திலேயே ஒழித்துக்கட்டியாயிற்று. அதற்கப்புறம் வெறும் புதினா வாசனையை இழுத்துக்கொண்டிருந்தான். அதையும் அவன் மனைவி யோன்ஹீ, புத்தாண்டு முடிந்த கையோடு பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

"நிகோடின விட்டுட்டே, சரி. இந்தக் கைய என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். கை ஒன்றும் கேட்பதாக இல்லை. லிஃப்ட் கதவு திறந்தால் சட்டைப்பைக்குப் போனது. சாப்பிட்டு முடித்தால் போனது. சுகாதார மையத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதையும் வாய்க்குக் கொண்டுபோனான். ஒருநாள் விற்பனைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், பேனாவை உதட்டில் வைத்து ஆழமாக இழுத்துவிட்டுக் கூரையைப் பார்த்து ஊதினான். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் பாங் மட்டும் சிரிக்காமல் அந்தப் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, மொட்டைமாடிக்கு வராமல் இருந்துவிடலாமே என்றால், அது நடக்காது. இந்த ஆபீஸில் எல்லாம் முடிவாவது இங்கேதான். கீழே கூட்ட அறையில் நடப்பது கண்துடைப்பு.

கூட வேலை பார்த்த மா சாங்கில் என்பவன் இது தெரியாமல் கெட்டான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, தன் மேஜையிலேயே உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்த்தான். அடுத்த மாற்றல் உத்தரவில் எங்கோ தூரத்தில் குன்சான் ஊரிலிருந்த கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தான். யாருக்கும் அவன்மேல் கோபமில்லை. பெயர் அடிபட்டபோது அவனுக்காகப் பேச மேலே ஆளில்லை, அவ்வளவுதான்.

இந்த வாரம் பிரிவுத் தலைவர் பதவி முடிவாகிறது. ஒன்று கித்தே, இல்லாவிட்டால் நாம்கூங். அதனால்தான் காலி மெஷினுக்குத் தவறாமல் சார்ஜ் போட்டு, மேலே வந்து, வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வெறும் காற்றும் நன்றாகத்தான் இருந்தது.

"இன்னிக்குத் தூசி ரொம்ப மோசம் சார். நுரையீரலுக்கு ஆகவே ஆகாது," என்று பக்கத்தில் நின்ற மேலாளரிடம் சொன்ன நாம்கூங், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஸ்ட்ராபெரி வாசனையில் பெரிதாக ஒரு மேகத்தை விட்டான்.

பெரியவர் எதிரில் ஊதும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். நேருக்கு நேர் ஊதுகிறவன் அன்றோடு தொலைந்தான். நாம்கூங் கணக்காகத் திருப்பினான். கித்தே கழுத்து சுளுக்கும் அளவுக்குத் திருப்பினான்.

ஆனாலும் நாம்கூங்கின் கண் சும்மா இருக்கவில்லை.

"என்னப்பா கித்தே, புகை பிடிக்கிறியா, இல்ல மூச்சுப் பயிற்சி பண்றியா? ஒண்ணையும் காணோமே?"

குன்சான் கிடங்கு கித்தேவின் கண்முன் வந்து நின்றது. அதில் மா சாங்கிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த காலி நாற்காலியும் தெரிந்தது.

"அது… சார் முன்னாடி ஊதறது மரியாதையில்ல. அதான் முழுங்கிடறேன்," என்றான்.

மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கித்தே தரையைப் பார்த்தான்.

"பாத்தியாய்யா நாம்கூங்? பிரிவுத் தலைவர்னா இப்படி இருக்கணும். நீ என்னடான்னா எம்மேல ஸ்ட்ராபெரி தெளிக்கிறே."

நாம்கூங்கின் அடுத்த மேகம் பாதியிலேயே நின்றுபோனது. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் காபி வாங்கி வருகிறேன் என்று படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.

கித்தேவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பதவி வந்துவிட்டது. மெஷினை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

மேலாளர் தன் மெஷினை எடுத்து நிதானமாக இழுத்தார். நீல விளக்கு எரிந்தது. பிறகு முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஊதினார்.

கித்தேவுக்குப் புரியவில்லை. இங்கே அவர் மரியாதை காட்ட வேண்டிய ஆள் யாரும் கிடையாது. அவருக்கு மேலே இருந்தது தூசி படிந்த மஞ்சள் வானம் மட்டும்தான்.

அவர் தோளுக்கு மேலே எட்டி, தொட்டிப் பக்கம் பார்த்தான். அங்கேயும் புகை ஒன்றும் போகவில்லை.

படிக்கட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை மேலாளர் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குளிர் போயிருச்சேய்யா. இனிமே நவம்பர் வரைக்கும் நீ என்ன பண்றதா இருக்கே?"