பிடித்தவை பட்டியலில் பாகற்காய்

"எவனோ என் பிள்ளை எழுதினதுல கை வெச்சிருக்கான் பாய். யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வேதாந்தம் போட்ட சத்தத்தில் பிரவுசிங் சென்டரில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அந்த சென்டரை நடத்துகிற வலியுல்லா கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார்.

திரையில் இருந்தது ஸ்ரீஹரியின் பக்கம். ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த புதிது. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், பையன் வலியுல்லாவிடம் கேட்டுக் கேட்டு, தனக்குப் பிடித்ததையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொட்டியிருந்தான். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொட்டை மாடிப் புறா, மாம்பலம் ஸ்டேஷனில் டேப்பில் பிடித்த ரயில் அறிவிப்பு, நட்சத்திரம் பார்ப்பது, சோடா மூடி சேர்ப்பது, எலுமிச்சை ரசத்தில் ஆராய்ச்சி.

வேதாந்தம் ஆடிட்டர் ஆபீஸில் காலமெல்லாம் கணக்குச் சரிபார்த்தவர். அவர் கண்ணுக்கு இதெல்லாம் குப்பை. "சோடா மூடி சோறு போடுமாடா?" என்று கேட்காத நாள் கிடையாது. கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு பைக்கை எடுத்தவன் தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. மனைவி பத்மாசனிதான், வலியுல்லா பாய் கடையில் குழந்தை எழுதின பக்கம் இருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பிடித்துத் தள்ளினாள்.

வந்து பார்த்தார். 'எனக்குப் பிடித்தவை' என்று நீளமாக ஒரு பட்டியல். புறா, ரயில், சோடா மூடி எல்லாம் தாண்டி வந்தால், 'என் அப்பா' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. பிள்ளை தன்னை வெறுத்துக்கொண்டு சாகவில்லை. அது போதும் அவருக்கு. அன்றைக்கு ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டார். மறுநாள் மாடிக்குப் போய்ப் புறாவுக்குத் தானியம் போட்டார். சாலையில் சோடா மூடி கிடந்தால் இப்போதெல்லாம் அவரே குனிந்து எடுக்கிறார்.

சனிக்கிழமை தவறாமல் வந்து அந்த வரியைப் படிப்பார். அதற்குள் கண்ணீர் கண்ணை மறைத்துவிடும். அதனால் அதற்குக் கீழே அவர் போனதே இல்லை.

இன்றைக்குப் போய்விட்டார்.

"பிடித்தவையில பாகற்காய்னு போட்டிருக்கு பாய். நேத்திக்குத்தான் முதல் வருஷத் திவசம். திவசத் தளிகையில பாகற்காய் இல்லாம முடியாதுன்னுட்டார் வாத்யார். 'கொழந்தைக்கு ஆகவே ஆகாதே'ன்னு அவ அழுதுண்டேதான் நறுக்கினா. பாகற்காயைக் கண்டா தட்டை விட்டே எழுந்து போறவன் அவன். அவனா இதை எழுதுவான்?"

"போனாப் போவுது, உடுங்க சார்," என்றார் வலியுல்லா.

விடுகிற ஆசாமியா அவர்? ஒரு பதிவு பொய் என்றால் மொத்தக் கணக்கையும் நம்பாதே என்று ஜூனியர்களுக்குப் பாடம் நடத்தியவர். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், உங்கள் கைவேலைதான் இது என்று பிடித்துக்கொண்டார். என் பிள்ளை என்ன எழுதினானோ அது அப்படியே இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறக்கூடாது என்றார். செத்துப்போனவன் எழுத்தில் விளையாடுகிறவன் மனுஷனே இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

வலியுல்லாவின் முகம் வாடிப்போயிற்று. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான்தான் சார் மாத்தினேன். கீழ 'பிடிக்காதவை'ன்னு இன்னொண்ணு இருந்துச்சு. அதுல ரெண்டே ரெண்டுதான். நீங்க மொத மொத வந்தீங்க பாருங்க, அதுக்கு முந்தின நாள் மாமி வந்தாங்க. எல்லாத்தையும் தமிழ்ல சொல்லச் சொன்னாங்க. படிச்சுக் காட்டினேன்."

"அப்புறம்?"

"எம் புள்ளைக்குப் பிடிக்காததுன்னு எதுவும் இருக்க வேணாம் பாய், கீழ இருக்கிறத மேல ஏத்திடுங்கன்னாங்க. ஏத்திட்டேன்."

வேதாந்தத்துக்கு இன்னும் உறைக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இல்லை என்று முணுமுணுத்தார். "சரி, பரவாயில்லை. இப்போ அந்தப் பாகற்காயைக் கீழ இறக்குங்கோ."

வலியுல்லா மவுஸைத் தொடவில்லை.

"இறக்கினா ரெண்டையும் இறக்கணும் சார்."

வேதாந்தம் திரையைப் பார்த்தார். பாகற்காயைப் பார்த்தார். அதற்கு நேர் மேலே இருந்த வரியையும் பார்த்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். வலியுல்லா அசையாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் வேதாந்தம் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் கேட்டேன்னு மாமிகிட்டச் சொல்லாதீங்கோ பாய்," என்றார். "அது அங்கேயே இருக்கட்டும். அவனுக்குப் பாகற்காய் பிடிக்கும்."