ஜாபெஸ் மனந்திரும்பிய ஞாயிறு

ஜாபெஸ் எழுந்துவிட்டார்.

நான் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். "ஏங்க, உக்காருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"விடுடி. ஆண்டவர் கூப்பிடுறாரு." விசும்பிக்கொண்டே முன்னால் நடந்தார்.

இந்த மனுஷன் மனந்திரும்ப வேண்டும் என்று எத்தனை வருஷம் முழங்கால் தேய ஜெபித்திருப்பேன்! அப்போதெல்லாம் காது கொடுக்காத ஆண்டவர், இன்றைக்கென்று பார்த்தா கேட்க வேண்டும்?

எங்கள் மெதடிஸ்ட் ஜெபவீட்டில் மனந்திரும்புகிறவர் முன்பெஞ்சில் முழங்கால் போட்டு, செய்த பாவத்தையெல்லாம் எல்லார் காதிலும் விழச் சொல்லி அழுவார். ஜாபெஸ் செய்த பாவம் நாலு காலில் ஓடுவது. ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் பிரபுவின் காட்டு முயல். பிடிபட்டால் அவருக்கு லிங்கன் நகரத்து ஜெயில். நாங்கள் இருக்கும் வீடும் பிரபுவுடையது. நானும் பிள்ளைகளும் தெருவுக்குத்தான் போகவேண்டும்.

இத்தனைக்கும் பிடிக்கிறதில் பாதிதான் எங்கள் சட்டிக்கு வரும். மீதி கூட்டாளிக்காம். யார் அந்தக் கூட்டாளி என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்.

பின்வரிசையில் பிரபுவின் காட்டுக்காவலர் ஸ்கெல்டன் உட்கார்ந்திருந்தார். பரம்பரையாகப் பெரிய சர்ச்சுக்குப் போகிறவர். இங்கே பாவிகளை மனந்திரும்ப அழைக்கும் எழுப்புதல் கூட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு நாள் தவறாமல் வருகிறார். முயல் திருடனைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று ஊரே பேசிக்கொண்டது. அழுகிறவன் வாயில் எதுவும் நிற்காது.

"ஆண்டவரே, நான் திருடன்! பிரபுவோட முயலத் திருடினேன்!" ஜாபெஸ் பெஞ்சைக் குத்திக்கொண்டு அலறினார். "தனியா இல்ல ஆண்டவரே, என்கூட..."

ஸ்கெல்டன் எழுந்தார்.

தொலைந்தோம்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

யாராவது ஜெபத்தை நீட்டினால் பாட்டெடுத்து அமுக்குவது எங்கள் வழக்கம்தான். சபை முழுவதும் எழுந்து சேர்ந்துகொண்டது. கூரை அதிர்ந்தது. ஜாபெஸின் உதடு அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

திரும்பி ஸ்கெல்டனைப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் ஜாபெஸின் வாயையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

அட பாவி மனுஷா! மீதிப் பாதி முயல் யார் வீட்டுச் சட்டியில் வெந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசி சரணமும் முடிந்தது. ஜாபெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தார்.

ஸ்கெல்டன் முதல் சரணத்திலிருந்து மறுபடி எடுத்தார்.

இந்த முறை அவரைவிடச் சத்தமாகப் பாடியவள் நான்தான்.