கிண்ணத்தில் காட்டிய சதை

"அடினாய்டு கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்று டாக்டர் ஃபிர்தௌஸ் சொன்னதும் என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

அதெப்படி இருக்கும்? மூக்குக்குப் பின்னால் வளர்ந்த அந்தச் சதையை எடுக்க, போன வருடம் எங்கள் பெண் வர்ஷினிக்கு இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது தியேட்டர் வாசலில் காவல் இருந்தவர் அவர். நான் கீழே இன்சூரன்ஸ் கவுண்டரில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வெட்டிய சதையை நர்ஸ் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டிய கதையை அவர் சொல்லாத வீடு மந்தைவெளியில் இல்லை. "நெல்லிக்காய் சைஸ்" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கேட்ட பக்கத்து இலைக்காரர், பாதி ஜாமூனை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

என் கணவர் பெயர் சாய்நாத். பெயரைத் தவிர சாமி சம்பந்தப்பட்ட எதுவும் அவரிடம் கிடையாது. வெள்ளிக்கிழமை நான் கோவிலுக்குக் கிளம்பினால், "அங்க என்ன டெஸ்ட் ரிப்போர்ட்டா தரா?" என்பார்.

ஏழு வயதுப் பெண் மறுபடி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இன்னொரு ஆபரேஷனா என்பது என் கவலை. இவருக்கோ சாட்சி சொல்லும் அவசரம்.

"முழுசா எடுத்ததை என் கண்ணால பார்த்தேன் டாக்டர்!"

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "யார் சார் காட்டினாங்க? உங்க பொண்ணுக்கு வெட்டவே இல்லையே. உருக்கி, உறிஞ்சி எடுத்தோம். காட்ட ஒண்ணும் இருக்காது."

வர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்தார்.

மிச்சம் சின்னதுதான், மூன்று மாதம் மூக்கில் ஸ்பிரே அடித்துப் பார்ப்போம், அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்றார் டாக்டர்.

படியிறங்கும்போது எனக்குக் கொதித்தது. குழந்தை உள்ளே மயங்கிக் கிடக்க, இந்த மனுஷன் தியேட்டர் வாசலில் நிற்காமல் கேண்டீனில் மசால் தோசை தின்னப் போயிருப்பார். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தேன்.

ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருந்த வாட்ச்மேன் பொன்னுரங்கம், இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா சார், கொயந்த நல்லாக்கீதா? இன்னிக்காவது ஷூவ கயட்டிட்டு சுத்து சார். அன்னிக்கு ஆபரேஷன் முடியறவரிக்கும் நூத்தியெட்டு சுத்தும் ஷூவோட சுத்திக்கினு இருந்தியே!"

என் கணவர் ஆட்டோ தேடுவதுபோல் தெருவைப் பார்த்தார்.

அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டேன்.

"கழட்டுங்கோ" என்றேன்.