இருமலும் சேர்ந்த கச்சேரி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிற்பகல் மூன்று மணி. ரயில் சத்தம் உள்ளே வராதபடி குணபூசணி டீச்சர் ஜன்னலைச் சாத்துகிறார், காற்றாடியையும் நிறுத்துகிறார். மேசையில் இரண்டு கேசட் பெட்டிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று பாடினால் மற்றது கேட்டுப் பதியும். பாடப்போவது போன மாதம் கிள்ளான் மண்டபத்தில் நடந்த கச்சேரி. மடியில் பெட்டியை வைத்து டீச்சரே பதிந்து வந்தது. எதிரே துணிக்கடை சலாவுதீன், பழக்கதோஷத்தில் பர்ஸைத் திறக்கிறார்.

“உள்ள வைங்க பாய். காசு வாங்கினா பாடுனவர் முகத்துல எப்படி முழிப்பேன்? வெறும் கேசட் ரெண்டு கொண்டாந்தீங்களா?”

கொண்டுவந்திருக்கிறார். ஒன்று அவருக்கு, இன்னொன்று அடுத்துக் கேட்டு வரப்போகிற, முகம் தெரியாத யாருக்கோ. இங்கே அதுதான் வழக்கம்.

“டீச்சர், பல்லவிக்கு நடுவுல இருமுனது நான்தான். அத மட்டும் வெட்டிரலாமா?”

“நாங்க எதையும் வெட்டுறதில்ல பாய். டெங்கில், ஈப்போ வரைக்கும் உங்க இருமல் போயிருச்சு லா. இனிமே பேசாதீங்க, இதுல விழும்.”

பொத்தான் அமுங்குகிறது. சலாவுதீனின் நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை இறங்குகிறது; அவர் துடைக்கவில்லை. பல்லவி எழுகிறது. இருமல் வருகிறது. பாடகர் ஒரு கணம் நின்று, அதே வரியை முன்னைவிடக் குழைவாக எடுக்கிறார். சலாவுதீன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறார், இப்போதுதான் இருமிவிட்டவரைப் போல. அதைப் பார்த்த டீச்சருக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வெடிக்கிறது. அதையும் வாங்கிக்கொண்டு நாடா சுழல்கிறது.