மேனேஜருக்குப் பயந்தவர்

மேனேஜர் ஆபீசுக்குள்ளே வந்தால், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு எழுந்து நிற்பார். நின்றதும் மயங்கி விழுவார். “என்னைக் கண்டா அவ்வளவு பயம்” என்று மேனேஜர் ஏற்காடு முழுக்கப் பெருமையடித்தார்.

விழுந்து விழுந்து அலுத்துப்போன ஐயாக்கண்ணு, டாக்டரிடம் போனார். டாக்டர் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்கவைத்தும் பார்த்தார். நின்றதும் அழுத்தம் பாதியாகச் சரிந்திருந்தது.

“பயமில்லீங்க, நரம்புக் கோளாறு. இனி உட்கார்ந்தே கும்பிடுங்க. சீட்டுத் தர்றேன், மேனேஜர்கிட்டக் காட்டுங்க. இல்லேன்னா ஒருநா மண்டை உடைஞ்சிரும்.”

“சீட்டு வேண்டாமுங்க.”

“வேலை போயிருமுன்னா?”

“அதில்லீங்க. அவரை ஊட்டுல சம்சாரம் மதிக்கறதில்லை, தோட்டத்துல கூலியாளுக மதிக்கறதில்லை. அவருக்குப் பயப்படறது நான் ஒருத்தன்தான்னு நெனச்சுட்டிருக்காருங்க. நொம்பப் பாவமுங்க. நான் விழற எடத்துல ரெண்டு காப்பிச் சாக்கு விரிச்சுக்கறேனுங்க.”