காதும் சேர்ந்தது

தணிகாசலத்துக்குப் பொருத்தியிருந்த செயற்கை இதயம் ஒரு கம்பெனி, முழங்கால் வேறொன்று, காது மூன்றாவது. ஒன்றின் சிஸ்டம் இன்னொன்றோடு முகங்கொடுத்துப் பேசாது.

"நான் சொல்றதையெல்லாம் அப்பா பொறுமையா கேட்டுக்குவார். தன் உடம்பைப் பத்தித்தான் வாயே திறக்க மாட்டார்" என்றாள் மகள் எழிலரசி. அதனால்தான் மூன்றிலும் நடப்பதை வீட்டு சர்வர் சேகரிக்கும்படி செய்யச் சொல்லியிருந்தாள்.

டெக்னீஷியன் பரிதி ஒவ்வொன்றாக இணைத்தான். கடைசியாகக் காது சேர்ந்ததும் அதன் பழைய பதிவுகள் திரையில் மளமளவென்று இறங்கின. தினமும் மாலையில், அவள் ஆபீஸிலிருந்து திரும்பும் நேரத்தில், 'பயனர் காதை அணைத்தார்.'

"ரிப்பேரா இருக்குமோ?"

"காது நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று பரிதி வயரைச் சுருட்டினான்.

அவள் தந்தையிடம் திரும்பினாள். "அப்பா, நான் பேசறது உங்களுக்கு..."

திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. தணிகாசலம் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.