இரண்டு நாளைக்கு மட்டும்

பட்டனைக் காணோம்.

என் மடிக்கணினியில் சிவப்பாக, கொட்டை எழுத்தில் இருந்த பட்டன். லிஃப்ட் கம்பெனியின் இணையதளத்துக்குள் செயலியைக் கொண்டுபோய் வைத்ததும் அது மட்டும் மாயமாகிவிட்டது. கட்டட எண் கேட்கும் கட்டம் இருந்தது, மாடி கேட்கும் கட்டம் இருந்தது, பழுது என்னவென்று எழுதும் இடம் இருந்தது. "புகார் அனுப்பு" இல்லை.

கம்பெனி மேனேஜர், தன் அறைச் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க சைட்டுக்கு இது ஒத்து வரலம்மா. தனிப் பக்கமாப் போட்டுக்கலாமே."

தனிப் பக்கம் என்றால் எவரும் எட்டிப் பார்க்காத பக்கம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பக்கத்து நாற்காலியில் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போன வருடம் அவர் ஒரு காலை உள்ளே வைத்தபோது, கதவு மூடாமலே லிஃப்ட் கிளம்பிவிட்டது. இப்போது மேசையோரம் அவருடைய ஊன்றுகோல்.

விபத்துக்கு மூன்று வாரம் முன்பே அவர் இதே தளத்தில் புகார் எழுத இடம் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் கண்ணுக்கு அது தெரியவில்லையே என்று சங்கக் கூட்டத்தில் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அவர் கால் போன பிறகுதான் கம்பெனி வழிக்கு வந்தது. நான் சங்கத்துக்காக எழுதிய புகார்ச் செயலியை முதல் பக்கத்திலேயே வைக்கச் சம்மதித்தது. மேனேஜர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஃப்ரேம் கூடாது. பக்கத்துக்குள் ஒரு பெட்டி வைத்து அதற்குள் செயலியை ஓடவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறதாம். பக்கத்தோடு பக்கமாகக் கலந்து நிற்க வேண்டுமாம்.

பெட்டிக்குள் இருக்கும்வரை உள்ளே நம் ராஜ்ஜியம். பெட்டியை எடுத்துவிட்டால் அந்த வீட்டு உத்தரவு நமக்கும்தான். எதைக் காட்டு, எதை மறை என்று அவர்கள் எழுதிவைத்த ஒவ்வொரு வரியும் நம்மேலும் பாயும்.

அப்படி ஒரு வரிதான் பட்டனை விழுங்கியிருந்தது. எந்த வரி என்று தேட எனக்கு மனசே வரவில்லை.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. செயலியைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிட்டால் அவர்கள் உத்தரவு உள்ளே நுழையாது. பட்டன் வந்துவிடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கைகுலுக்கிவிட்டுக் கிளம்பலாம்.

நான்கு வரி எழுதியும் விட்டேன்.

ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. கடைக்காரர் குனிந்து எடுத்து மறுபடி சாத்தி வைத்தார்.

நான்கு வரியையும் அழித்தேன். போதும் இந்தக் கோழைத்தனம்.

அந்த உத்தரவு வரிகள் இருக்கும் கம்பெனி ஃபைலைத் திறந்து பெரிய திரையில் போட்டேன். அது ரகசியம் என்று மேனேஜர் பதறினார். தளத்துக்கு வருகிற எவரும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஃபைல், அதில் என்ன ரகசியம்?

பெயரில் "புகார்" என்று உள்ள எதையும் காட்டாதே. ஒரே வரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: இரண்டு நாளைக்கு மட்டும். கீழே இருந்த தேதிக்கு எட்டு வயது.

ஆக, பழைய புகார் பட்டனை யாரும் எடுக்கவே இல்லை. அது இந்தப் பக்கத்திலேயேதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"அப்போ என் கண்ணுல கோளாறு இல்ல" என்றார்.

யார் எழுதியது என்று கேட்டார். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். வேலையை விட்டுப் போன யாரோ ஒரு பெண்ணாம். முகம்கூட ஞாபகமில்லையாம்.

எப்படி இருக்கும்? அவர் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றல்லவா பேசினார். மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், இரண்டு நாளைக்கு மறைத்து வை என்றார். அவளுக்கு அது முதல் வேலை, முதல் மாதம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பட்டனுக்கு அவள் வைத்த பெயரைத்தான் இன்றுவரை இப்படிப்பட்ட எல்லாப் பட்டனுக்கும் வைக்கிறாள், பழக்க தோஷம்.

எழுந்து நின்றேன். மேனேஜரைப் பார்க்கவில்லை, கடைக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

"நான்தாண்ணே எழுதினேன்."

எப்போதும் என்னை "தங்கச்சி" என்பவர், அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மடிக்கணினியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே அழி."

கை வைக்காதே என்று மேனேஜர் கத்தினார். வைத்தேன்.

திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டன்கள் வந்தன. ஒன்று இன்றைக்கு வைத்தது. மற்றது எட்டு வருடமாக அங்கேயே இருந்தது.

கடைக்காரர் பழையதை அமுக்கினார்.